ஹௌரா ஸ்டேஷனில் குத்தியவன் யார்?

1933-ஆம் ஆண்டு நவம்பர் 26, பிற்பகல். கல்கத்தாவை ஒட்டிய ஹௌரா ரயில் நிலையம். சொந்த ஊரான பாக்கூருக்குப் போவதற்காக 20 வயது இளைஞர் ஒருவர் உறவினர்களோடு ரயிலேற வந்திருக்கிறார். (நம்ம புதுச்சேரி பாகூர் இல்லீங்க. இது இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தில், மேற்கு வங்க எல்லையில் இருக்கும் பாக்கூர்!) கூட்டத்தில் வந்த சின்ன உருவமுள்ள ஆள் ஒருவன் அவரை உரசிக்கொண்டு போகிறான். உடம்பில் கதர் உடை. இளைஞருக்கு வலது கையில் சுருக்கென்று ஏதோ குத்திய மாதிரி இருக்கிறது. யாரோ குத்திவிட்டார்கள் என்று அவர் கத்துவதற்குள் அந்தக் கதர் உடை கூட்டத்தில் கரைந்துவிட்டது.

எட்டு நாள் கழித்து அந்த இளைஞர் இறந்துபோனார். அவருடைய ரத்தத்தில் இருந்தது பிளேக் கிருமி.

அந்தக் கதர் ஆள் யார்? 90 வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. இன்று வரை தெரியாது.

கிருமியை ஆயுதமாக்கிய குற்றம் என்றதுமே எல்லோருக்கும் நினைவுக்கு வருவது 2001-இல் அமெரிக்காவில் நடந்த ஆந்த்ராக்ஸ் கடித விவகாரம்தான். அதற்கு 68 வருடம் முன்பே நம் நாட்டில் நடந்த இந்தச் சம்பவம் பலருக்குத் தெரியாது. டபிள்யூ. சேத் காரஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், உலகம் முழுக்க நடந்த உயிரி பயங்கரவாதம், உயிரிக் குற்றம் எல்லாவற்றையும் தேடித் தொகுத்தார். அந்தத் தொகுப்பில் பாக்கூர் வழக்குக்கும் இடம் உண்டு. ஒரே ஒருவரைக் குறிவைத்தது என்பதால் இதைப் பயங்கரவாதம் என்று சொல்லக் கூடாது, கொலைதான் என்று வாதம் செய்பவர்களும் இருக்கிறார்கள். சட்டப்படி அது சரிதான். ஆனால் கிருமிக்குச் சொத்துத் தகராறு, பாகப்பிரிவினை எல்லாம் தெரியாது. அது பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பவரையும் பிடிக்கும். ஹௌரா ஸ்டேஷன் எப்படிப்பட்ட இடம் என்று கல்கத்தா போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

சரி, கதைக்கு வருவோம்.

இறந்தவரின் பெயர் அமரேந்திர சந்திர பாண்டே. பாக்கூர் ஜமீன் குடும்பத்து வாரிசு. அப்போது பாக்கூர், பீகார்-ஒரிசா மாகாணத்தின் சந்தால் பர்கானா பகுதியில் இருந்தது. கல் குவாரிகளுக்கும் நிலக்கரிக்கும் பேர்போன வட்டாரம். தந்தை 1929-இல் இறந்த பிறகு நிர்வாகம் மூத்த தாரத்து மகனான பினோயேந்திர சந்திர பாண்டேயின் கைக்கு வந்தது. அமரேந்திராவைவிட 10 வயது மூத்தவர். மதுவும் கேளிக்கையுமாகக் காசைக் கரைத்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். தம்பி அதற்கு நேர்மாறு; படிப்பு, ஒழுக்கம் என்று இருந்தவர், ஊரில் நல்ல பெயர். தம்பிக்கு வயது வந்ததும் தன் பங்கைக் கேட்டார். குடும்பத்தில் மூத்தவரான ராணி சூர்யவதி தம்பியின் பக்கம் நின்றார். சண்டை சுமார் இரண்டு வருடம் நீடித்தது.

அண்ணன் தம்பி சொத்துச் சண்டை நம் ஊரிலும் தெருவுக்குத் தெரு உண்டு. வாய்க்கால் வரப்புக்காக அரிவாள் தூக்கியவர்களைப் பற்றிப் பேப்பரில் படிக்கிறோம். பாக்கூர் சண்டை போன வழிதான் வேறு.

முதலில் ஒரு மூக்குக்கண்ணாடி. 1932-ஆம் ஆண்டு கோடையில் அண்ணனும் தம்பியும் உலாவப் போயிருக்கிறார்கள். அண்ணன் ஒரு கண்ணாடியை எடுத்துத் தம்பியின் மூக்கில் அழுத்தி மாட்டிவிட்டார். தோல் கிழிந்தது. கொஞ்ச நாளில் தம்பிக்கு டெட்டனஸ். அதாவது ரணஜன்னி. அதற்கான சீரம் ஊசி போட்டு எப்படியோ பிழைக்க வைத்துவிட்டார்கள். அந்த நேரத்தில் அண்ணன் ஒருவருக்கு மூன்று டாக்டர்களைக் கூட்டிவந்து சிகிச்சையை மாற்றப் பார்த்தார், வைத்தியம் செய்துகொண்டிருந்தவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்று வழக்கு பற்றிய குறிப்புகள் சொல்கின்றன. கண்ணாடியில் கிருமி தடவப்பட்டிருந்ததா? அப்படித்தான் பலரும் நம்புகிறார்கள். ஆனால் அந்தக் கண்ணாடியை எடுத்து யாரும் பரிசோதிக்கவில்லை. துருப்பிடித்த ஆணி குத்தினால்கூட ரணஜன்னி வரும் காலம் அது. ஆகவே இந்த விவகாரத்தின் முதல் கேள்விக்குறி ஹௌரா ஸ்டேஷனுக்கு ஒன்றரை வருடம் முன்பே விழுந்துவிட்டது.

அடுத்தது பிளேக்.

இன்று பிளேக் என்றால் வெறும் பேர்தான். அன்றைக்கு அப்படி இல்லை. 1896-இல் பம்பாயில் தொடங்கிய பிளேக், 1918-க்குள் இந்தியத் துணைக்கண்டத்தில் 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. கோயம்புத்தூரில் இன்றும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன. ஒரு நோயின் பேரையே அம்மனுக்கு வைத்துக் கும்பிடும் அளவுக்கு அந்தப் பயம் இருந்திருக்கிறது. கிருமியைக் கண்டுபிடித்தவர் அலெக்சாந்தர் யெர்சென். 1894-இல் ஹாங்காங்கில் கண்டுபிடித்தார். எலித் தெள்ளுப்பூச்சி மூலம்தான் அது பரவுகிறது என்பதை 1898-இல் கராச்சியில் கண்டறிந்தவர் பால் லூயி சிமோன். இருவருமே பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தின் வழிவந்தவர்கள். அதே நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு இந்தியா வந்தவர் வால்டமர் ஹாஃப்கின். அவர் பம்பாயில் பிளேக் தடுப்பூசி தயாரித்து, 1897 ஜனவரியில் முதல் ஊசியைத் தனக்கே போட்டுக்கொண்டார். அவர் தொடங்கிய ஆய்வகத்துக்கு 1925-இல் ஹாஃப்கின் இன்ஸ்டிடியூட் என்று பெயர் வைத்தார்கள். உயிரைக் காப்பாற்ற அங்கே வளர்த்து வைத்திருந்த கிருமியின் மேல்தான் ஒருவர் கண் வைத்தார்.

அவர் பெயர் தாராநாத் பட்டாச்சார்யா. கல்கத்தா டாக்டர், பினோயேந்திராவின் நெருங்கிய நண்பர். 1932 மே மாதத்தில் அவர் ஹாஃப்கின் இன்ஸ்டிடியூட் இயக்குநருக்குக் கடிதம் எழுதிப் பிளேக் கிருமிக் கல்ச்சர் வேண்டும் என்று கேட்டார். வங்காள சர்ஜன் ஜெனரலின் அனுமதி இல்லாமல் தர முடியாது என்று பதில் வந்தது. அந்தக் காலத்திலேயே இந்தக் கட்டுப்பாடு இருந்திருக்கிறது, கவனியுங்கள். உடனே தாராநாத் வேறு வழி பார்த்தார். கல்கத்தாவில் ஆய்வகம் வைத்திருந்த ஒரு டாக்டரிடம் போய், பிளேக்குக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டேன், சோதித்துப் பார்க்கக் கிருமி வேண்டும் என்றார். அந்த டாக்டரின் பேரில் ஹாஃப்கினிலிருந்து கல்ச்சர் வந்தது. ஆனால் தாராநாத்தை அதைத் தொட அவர் விடவில்லை. வந்த கிருமியும் வளரவில்லை. வேலை நின்றது.

1933-இல் மறுபடியும் முயற்சி. அந்தக் கோடையில் பினோயேந்திராவே பம்பாய்க்குப் போனார். ஜமீன் வீட்டு மனிதர் ஒருவர், கல்கத்தாவிலிருந்து ஏறக்குறைய 2000 கிலோமீட்டர் தள்ளி, ஆய்வகம் ஆய்வகமாக ஏறி இறங்குகிறார்! ஹாஃப்கினில் வேலை பார்த்த இரண்டு கால்நடை மருத்துவர்களுக்குப் பணம் காட்டிக் கிருமியை வெளியே எடுக்கப் பார்த்தார்கள். சந்தையில் எலிகள் வாங்கினார்கள். நிஜமாகவே ஆராய்ச்சி நடக்கிறது என்று காட்ட எலி வேண்டுமே! கடைசியில் கதவு திறந்தது ஹாஃப்கினில் அல்ல, ஆர்தர் ரோடு தொற்றுநோய் ஆஸ்பத்திரியில். அங்கேயும் பிளேக் கல்ச்சர் வைத்திருந்தார்கள். என் டாக்டர் நண்பர் ஒரு மருந்து கண்டுபிடித்திருக்கிறார், இங்கே வேலை செய்ய அனுமதியுங்கள் என்று பினோயேந்திரா கேட்க, அனுமதி கிடைத்தது.

தாராநாத் அங்கே இருந்தது சுமார் ஐந்து நாள்தான். அவர் பரிசோதனை ஏதாவது செய்தார் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஜூலை 12 மாலை, வேலையைத் திடீரென்று முடித்துக்கொண்டு பினோயேந்திராவுடன் கல்கத்தாவுக்கு ரயிலேறிவிட்டார். உலகத்தையே காப்பாற்றப் போகும் மருந்தை ஐந்தே நாளில் மறந்துவிட்டு ஊர் திரும்பிய டாக்டரைப் பார்த்து ஆஸ்பத்திரியில் யாருக்கும் சந்தேகம் வந்ததாகத் தெரியவில்லை.

ஜூலை 12-லிருந்து நவம்பர் 26 வரை நாலரை மாதம். இந்த இடைவெளியைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நவம்பர் 26 அன்று பினோயேந்திரா யாரும் கூப்பிடாமலே ஹௌரா ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். தம்பியைக் குத்திவிட்டார்கள் என்று தெரிந்ததும் கூட இருந்த உறவினர்கள் பதறிப்போனார்கள். ஊருக்குப் போக வேண்டாம், இங்கேயே தங்கி ரத்தத்தைப் பரிசோதித்துவிடலாம் என்று கெஞ்சினார்கள். அண்ணனோ இதெல்லாம் ஒரு விஷயமா என்று சிரித்துத் தட்டிவிட்டார். உடனே கிளம்பு என்று அனுப்பியும் வைத்தார். தம்பியும் போனார். கண்ணாடி விவகாரம் நடந்தது முந்தின வருடம்தான். இருந்தும் ஏன் போனார்? பெரியவர் சொன்னால் தட்டக் கூடாது என்ற வளர்ப்பாக இருக்கலாம். ஸ்டேஷனில் நாலு பேர் முன்னால் அண்ணனைச் சந்தேகப்படக் கூச்சமாக இருந்திருக்கலாம். கூட்டுக் குடும்பத்தில் இருந்தவர்களுக்கு இது புரியும்.

மூன்று நாளில் காய்ச்சலோடு கல்கத்தாவுக்குத் திரும்பினார் அமரேந்திரா. பரிசோதித்த டாக்டர் வலது கையில் ஊசி குத்திய தடம் போல ஒன்றைப் பார்த்தார். காய்ச்சல் ஏறியது. அக்குளில் நெறி கட்டியது. நுரையீரலும் பாதிக்கப்பட்டது. டிசம்பர் 3 இரவு நினைவு தப்பியது. 4-ஆம் தேதி விடியற்காலை உயிர் பிரிந்தது. மரணச் சான்றில் எழுதப்பட்ட காரணம்: நிமோனியா.

இதோடு கதை முடிந்திருக்க வேண்டும். குற்றவாளிகள் போட்ட கணக்கும் அதுதான். இளம் வயதில் நிமோனியாவில் போவது அந்தக் காலத்தில் அதிசயமில்லை. ஆனால் உயிரோடு இருக்கும்போதே அவருடைய ரத்தத்தை எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்பியிருந்தார்கள். கல்கத்தா டிராப்பிக்கல் மெடிசின் பள்ளியில் நடந்த பரிசோதனையின் முடிவு அவர் இறந்த பிறகு வந்தது. பிளேக்! அதற்கு முந்தைய மூன்று வருடங்களில் கல்கத்தாவில் ஒரே ஒரு பிளேக் கேஸ்கூட இல்லை. ரத்தம் எடுக்கச் சொன்ன டாக்டருக்கு அன்று வேறு வேலை இருந்து மறந்துபோயிருந்தால் ஹௌரா கூட்டத்து ஆளைப் பற்றி இன்று யாருமே பேசியிருக்க மாட்டார்கள்.

உறவினர்கள் போலீஸுக்குப் போனார்கள். 1934 பிப்ரவரியில் பினோயேந்திராவும் தாராநாத்தும் கைதானார்கள். மேலும் இரண்டு டாக்டர்களையும் பிடித்தார்கள். போலீஸ் செய்த வேலையைப் பாராட்டத்தான் வேண்டும். கம்ப்யூட்டரா, கேமராவா, ஒன்றும் கிடையாது. பயணச் சான்றுகள், பம்பாய் ஹோட்டல் பில், ஹோட்டல் ரிஜிஸ்டரில் இருந்த கையெழுத்து, ஆய்வகங்களுக்கு அனுப்பிய செய்திகள், எலி வாங்கிய கடையின் ரசீது என்று ஒவ்வொரு தாளாகப் பொறுக்கிச் சேர்த்தார்கள். கொலைத் திட்டம் போடத் தெரிந்தவருக்கு எலி ரசீதைக் கிழித்துப்போடத் தெரியவில்லை!

விசாரணை ஒன்பது மாதம் நடந்தது. எதிர்த்தரப்பு வாதம் எளிமையானது: எலித் தெள்ளுப்பூச்சி கடித்துப் பிளேக் வந்திருக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமான வாதம்தான். ஆனால் அதை நம்புவதற்கு நிறைய விஷயங்களைத் தற்செயல் என்று ஒதுக்க வேண்டும். தெள்ளுப்பூச்சி பெரும்பாலும் காலில் கடிக்கும், அப்போது தொடை இடுக்கில் நெறி கட்டும். இவருக்குக் குத்து வாங்கியது கையில், நெறி கட்டியது அக்குளில். பிளேக் கிருமி உடம்பில் புகுந்து சில நாட்களில் காய்ச்சல் தொடங்கும். தேதிகள் அச்சு அசலாகப் பொருந்துகின்றன. பிளேக்கே இல்லாத ஊரில், பிளேக் கிருமியைத் தேடி அலைந்த அண்ணனின் தம்பிக்கு மட்டும், கூட்டத்தில் குத்து வாங்கிய அதே வாரத்தில் பிளேக் வந்தது. இதை விதி என்று சொல்ல ஆள் வேண்டும்.

1935 பிப்ரவரியில் பினோயேந்திராவுக்கும் தாராநாத்துக்கும் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. மற்ற இரண்டு டாக்டர்கள் போதிய சாட்சியம் இல்லாததால் விடுவிக்கப்பட்டார்கள். மேல்முறையீட்டில், 1936 ஜனவரியில் கல்கத்தா உயர் நீதிமன்றம் தூக்கை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. குற்ற வரலாற்றிலேயே அநேகமாக இதற்கு ஈடு கிடையாது என்ற பொருளில் நீதிபதி குறிப்பிட்டார். இந்த இருவரும் ஒரு கூலியாளை வைத்துக் கொலை செய்ய சதி செய்தார்கள் என்பது தீர்ப்பு.

ஆக, ஏவியவர்கள் கிடைத்துவிட்டார்கள். ஏவப்பட்டவன்?

இங்கேதான் கேள்விகள் வரிசையாக நிற்கின்றன.

முதலில் அந்த ஆள் யார் என்பதே. கிடைத்த அடையாளம் இவ்வளவுதான்: சின்ன உருவம், கதர் உடை. 1933-இல் கல்கத்தாவில் கதர் அணிந்தவரைத் தேடுவது வைக்கோல் போரில் வைக்கோலைத் தேடுவது மாதிரி. காந்தி இயக்கம் நாடெங்கும் பரவியிருந்த காலம். ஒருவேளை அதற்காகவே கதரைத் தேர்ந்தெடுத்தானா? இன்னொரு கோணமும் உண்டு. 1930-இல் சிட்டகாங் ஆயுதக் கிடங்குத் தாக்குதல், 1932 பிப்ரவரியில் கல்கத்தா பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் பீனா தாஸ் கவர்னரைச் சுட்டது என்று வங்காளப் போலீஸ் எங்கும் புரட்சியாளர்களைத் தேடிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட நகரத்தில் கதர் அணிந்துகொண்டு ஊசியோடு ஸ்டேஷனுக்குள் வருவதற்குத் துணிச்சல் வேண்டும். அல்லது கையில் இருப்பது என்னவென்று தெரியாத அப்பாவித்தனம் வேண்டும்.

கூட இருந்த உறவினர்கள் ஏன் அவனைப் பிடிக்கவில்லை என்று கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் ஒருவர் இடித்துவிட்டுப் போனால் நாம் முகத்தைப் பார்த்தா வைத்துக்கொள்கிறோம்? சட்டைப் பையைத்தான் தடவிப் பார்ப்போம்.

இரண்டாவது, அவன் எங்கே போனான்? இன்றைய ஹௌரா பாலம் அப்போது கிடையாது, அது 1943-இல்தான் திறக்கப்பட்டது. அன்று இருந்தது 1874-இல் கட்டிய மிதவைப் பாலம். அதைத் தாண்டினால் கல்கத்தாவின் சந்துகள். எதிர்த்திசையில் சுமார் 35 கிலோமீட்டர் போனால் சந்திரநாகூர். அது அப்போது புதுச்சேரியைப் போலவே பிரெஞ்சு மண்! பிரிட்டிஷ் போலீஸ் நினைத்த மாத்திரத்தில் அங்கே நுழைந்து ஆளைப் பிடிக்க முடியாது. பாரதியாரும் அரவிந்தரும் புதுச்சேரிக்கு ஏன் வந்தார்கள் என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அரவிந்தரே முதலில் ஒதுங்கியது சந்திரநாகூரில்தான். கதர் ஆள் அங்கே போனான் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை, இது வெறும் ஊகம். ஆனால் மறைய நினைத்தவனுக்கு அப்படி ஒரு கதவு பக்கத்திலேயே திறந்திருந்தது.

(ஒரு கொசுறு: லாஸ்பேட்டைக்குப் பெயர் தந்தவராகச் சொல்லப்படும் பிரெஞ்சு கவர்னர் ழான் லா, இளமையில் வங்காளத்தின் காசிம்பஜாரில் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைவராக இருந்தவர். காசிம்பஜார் இருப்பது முர்ஷிதாபாத் மாவட்டத்தில். பாக்கூர் அதற்கு அடுத்த மாவட்டம். உலகம் சின்னதுதான்.)

மூன்றாவது கேள்விதான் மிகவும் கடினமானது. ஜூலையில் எடுத்த கிருமி நவம்பர் வரை எங்கே, யார் பொறுப்பில் உயிரோடு இருந்தது? கிருமிக் கல்ச்சர் என்பது புட்டியில் போட்டுப் பரணில் வைக்கும் ஊறுகாய் அல்ல. அதற்கு உணவு வேண்டும், அவ்வப்போது புது ஊடகத்துக்கு மாற்ற வேண்டும், வேறு கிருமி கலக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 1932-இல் ஹாஃப்கினிலிருந்து முறைப்படி வந்த கல்ச்சரே கல்கத்தாவில் வளரவில்லையே! பம்பாயில் எடுத்ததை நவம்பர் 26 வரை உயிரோடு வைத்திருக்க முடியும் என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. முடியும் என்பது வேறு, எங்கே எப்படி என்பது வேறு. தாராநாத்துக்கு அந்தக் கைத்திறன் இருந்தது என்று வைத்துக்கொண்டாலும், அந்த நாலரை மாதத்தை நிரப்பும் தெளிவான காட்சி எதுவும் இல்லை. வழக்கு முழுவதும் சூழ்நிலைச் சான்றுகளின் மேல்தான் நின்றது. அவை வலுவானவை என்பதில் சந்தேகமில்லை. இருந்தாலும் சங்கிலியின் இரண்டு வளையங்கள், கிருமி இருந்த இடமும் ஊசி பிடித்த கையும், காணாமலே போய்விட்டன.

நான்காவது, அந்த ஆளுக்கு விஷயம் தெரியுமா? பிளேக் கிருமி நிறைந்த ஊசியைக் கூட்டத்தில் எடுத்துப் போவது பாம்பை மடியில் கட்டிக்கொள்வதற்குச் சமம். யாராவது இடித்து ஊசி தன் கையிலேயே பட்டால் தீர்ந்தது. அன்று ஆன்டிபயாட்டிக் மருந்துகளும் கிடையாது. பிளேக்குக்குக் கேட்கும் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டதே 1943-இல்தான். தெரிந்து செய்தான் என்றால் அவன் வெறும் கூலி அடியாளாக இருக்க முடியாது, ஊசி பிடித்துப் பழகிய ஆளாக இருக்க வேண்டும். தெரியாமல் செய்தான் என்றால் பத்திரிகையில் கிருமிக் கொலை என்று செய்தி வந்த அன்று அவன் எப்படித் தூங்கியிருப்பான்? விசாரணை நடந்த ஒன்பது மாதமும் இந்த வழக்கு வெளிநாட்டுப் பத்திரிகைகள் வரை பேசப்பட்டது. அவன் வாயைத் திறக்கவே இல்லை. அல்லது திறக்க முடியாதபடி அவனுக்கும் ஏதாவது நடந்திருக்கலாம்.

அமெரிக்க ஆந்த்ராக்ஸ் வழக்கோடு இதை ஒப்பிட்டால் விசித்திரமான ஒரு விஷயம் தெரியும். 2001 செப்டம்பர் 18, அக்டோபர் 9 ஆகிய தேதிகளின் தபால் முத்திரையோடு போன கடிதங்களில் ஆந்த்ராக்ஸ் தூள் இருந்தது. 5 பேர் இறந்தார்கள், 17 பேர் நோயில் விழுந்தார்கள். எஃப்.பி.ஐ. முதலில் ஸ்டீவன் ஹாட்ஃபில் என்ற விஞ்ஞானியைப் பல வருடம் துரத்தியது. கடைசியில் 2008-இல் அரசாங்கம் அவருக்கு லட்சக்கணக்கான டாலர் நஷ்டஈடு கொடுக்க நேர்ந்தது. அதே வருடம் ஃபோர்ட் டெட்ரிக் ராணுவ ஆய்வகத்தின் புரூஸ் ஐவின்ஸ் மீது குற்றம் சாட்டப்படப் போகிறது என்ற நிலையில், அவர் ஜூலை 29 அன்று மாத்திரைகளை விழுங்கி இறந்துபோனார். அவர் தனியாகவே செய்தார் என்று சொல்லி 2010-இல் வழக்கை மூடினார்கள். ஆனால் 2011-இல் அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலின் குழு, கடிதங்களில் இருந்த கிருமி எங்கிருந்து வந்தது என்பதை அறிவியல் சான்றை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்லிவிட முடியாது என்றது. நீதிமன்றத்தில் ஒரு நாள்கூட விசாரணை நடக்கவில்லை.

கிருமியின் மரபணு வரை படித்துவிட்ட காலத்து வழக்கு அது. அங்கே ஒரு பெயர் இருக்கிறது, தீர்ப்பு இல்லை. பேப்பர் ரசீதை வைத்து நடத்திய கல்கத்தா வழக்கில் தீர்ப்பு இருக்கிறது, ஒரு பெயர் இல்லை.

1994-இல் சூரத்தில் பிளேக் வந்தபோது லட்சக்கணக்கானவர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். அப்போதும் இதை யாரோ வேண்டுமென்றே பரப்பினார்கள் என்ற பேச்சு கிளம்பியது. நம்பத்தகுந்த ஆதாரம் எதுவும் வெளிவரவில்லை. பாக்கூர் வழக்கில் சதியைச் சாதாரண நோய் என்று நினைத்தார்கள். சூரத்தில் நோயைச் சதி என்று நினைத்தார்கள். ரத்தப் பரிசோதனையும் பொறுமையான விசாரணையும் இல்லாமல் இந்த இரண்டையும் பிரித்தறிய வேறு வழி கிடையாது.

இந்த வழக்கில் பொதுவாகப் பேசப்படாத ஒரு தரப்பு உண்டு, ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரி. ஹாஃப்கின் இயக்குநர் ஒரு கடிதத்தைப் பார்த்ததும் அனுமதிச் சீட்டு எங்கே என்று கேட்டார். அதே ஊரில் இன்னோர் இடத்தில், சிபாரிசோடு வந்த ஒருவரிடம் அந்தக் கேள்வி கேட்கப்படவில்லை. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ததாகத் தெரியவில்லை. பெரிய ஜமீன் வீட்டு மனிதர் கேட்கிறார், கூட வருபவர் டாக்டர், அவர் தேடுவதோ பிளேக்குக்கு மருந்து! 1933-இல் இதை யார் மறுப்பார்கள்? கதர் ஆளைத் தேடுகிறவர்கள் எல்லோரும் ஹௌரா ஸ்டேஷனிலிருந்து தொடங்குகிறார்கள். கிருமி கைமாறிய இடம் அங்கே இல்லை, பம்பாயில் அந்த ஐந்து நாட்களில் இருக்கிறது. அந்த ஆய்வகத்தில் அன்று எத்தனை குழாய்கள் இருந்தன, ஜூலை 12 மாலை எத்தனை மிஞ்சின என்று அன்றே ஒருவர் எண்ணிப் பார்த்திருந்தால் அமரேந்திரா பிழைத்திருப்பார்.

2020-களில் அமெரிக்கப் பத்திரிகையாளர் டான் மாரிசன் இந்த வழக்கைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அதன் பிறகு உலகம் முழுக்க மறுபடியும் இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். அண்ணன், தம்பி, டாக்டர் மூவரைப் பற்றியும் இப்போது நிறையத் தெரியும். கதர் உடுத்திய அந்தச் சின்ன உருவத்தைப் பற்றித் தெரிந்ததோ, 1933 நவம்பர் 26 பிற்பகலில் அமரேந்திராவும் கூட வந்தவர்களும் ஒரு நொடி பார்த்தது மட்டும்தான்.